குட்டி எஞ்சினுக்குக் கண் திறக்கலாம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: சார், மீட்டர்கேஜ் காலத்து ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சினை 1:87 அளவில் பிளாஸ்டிக் ஷீட்டில் செய்தேன். உள்ளே எல்.ஈ.டி. வைத்துப் போட்டால் ஹெட்லைட் மட்டும் எரியாமல் மூக்கு முழுக்க எரிகிறது. கூரை இடுக்கிலும் வெளிச்சம் வழிகிறது. என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்

பதில்: எஞ்சினைத் தேர்ந்தெடுத்ததற்கே ஒரு சபாஷ், தம்பி. 1977 ஆகஸ்ட் 15-ல் வைகை எக்ஸ்பிரஸ் மதுரைக்கும் சென்னைக்கும் இடையே ஓடத் தொடங்கியபோது அதை இழுத்தது இந்த ஜாதி எஞ்சின்தான்.

வெள்ளை பிளாஸ்டிக் ஷீட் வெளிச்சத்தை நிறுத்தாது. உட்புறம் முழுக்கக் கறுப்பு பெயின்ட் இரண்டு கை அடியுங்கள். காய்ந்ததும் அதன்மேல் வெள்ளி பெயின்ட். கறுப்பு ஒளியை மறிக்கும், வெள்ளி முன்பக்கம் திருப்பும். எல்.ஈ.டி.யின் பக்கவாட்டையும் முதுகையும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவில் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) மூடிவிட்டால் கூரை இடுக்குப் பிரச்சினை தீர்ந்தது. அலுமினியத் தாள் சுற்றச் சொல்வார்கள். கேட்காதீர்கள், அது மின்சாரம் கடத்தும், ஷார்ட் ஆகும்.

அடுத்தது பிரகாசம். தண்டவாளத்தில் வரும் 12 வோல்ட்டில் வெள்ளை எல்.ஈ.டி. சுமார் 3 வோல்ட் எடுக்கும். மீதி 9 வோல்ட்டை ரெசிஸ்டர் (மின்தடை) தாங்க வேண்டும். கடையில் கொடுக்கும் 1 கிலோ ஓம் போட்டால் 9 மில்லி ஆம்பியர் ஓடும். 1.6 மி.மீ. நீளமுள்ள, 0603 என்ற அளவு எண் கொண்ட பொடி எல்.ஈ.டி.க்கு அது அநியாய வெளிச்சம். 4.7 கிலோ ஓம் போட்டால் 2 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். என்னைக் கேட்டால் அதற்கும் கீழே இறங்கலாம். 1 கிலோ ஓமோடு ஒரு வேரியபிள் ரெசிஸ்டரைத் தொடரில் கோத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, கண்ணுக்கு இதமாகும்வரை திருகுங்கள். இரண்டையும் சேர்த்து மல்டிமீட்டரில் அளந்து அந்த மதிப்புக்கு ஒரு ரெசிஸ்டர் வாங்கிப் போடுங்கள். விளக்கு இருக்கும் இடம் தெரிந்தால் போதும், எதிர்ச்சுவரில் வெளிச்சம் அடிக்க வேண்டியதில்லை! நிறம் வார்ம் ஒயிட். அந்தக் காலத்து ஹெட்லைட் இழை பல்பு, நீலம் பாய்ந்த வெள்ளை பார்த்ததும் பொய் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: ஹெட்லைட் கண்ணாடியும் பக்கத்துச் சின்ன விளக்குகளும் எதில் செய்வது? வாங்கினால் விலை அதிகம்.
– இல்லத்தரசி, திருமங்கலம்

பதில்: வாங்கவே வேண்டாம், அம்மா. நிஜத்தில் 20 செ.மீ. அகலமுள்ள விளக்கு 1:87-ல் 2.3 மி.மீ. அந்த அளவுக்குத் துளை போட்டு, உள்சுவரில் வெள்ளி பெயின்ட் தொட்டு வையுங்கள். எஞ்சினை மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, ஊசிமுனையில் யு.வி. ரெசின் (புற ஊதா ஒளி பட்டால் இறுகும் பிசின்) ஒரு சொட்டு விடுங்கள். சொட்டு தானாகவே உப்பி நிற்கும், அந்த உப்பல்தான் லென்ஸ். ஜன்னல் ஓரம் மட்டும் உட்காராதீர்கள். மதுரை வெயிலுக்கு அது யு.வி. டார்ச்சே இல்லாமல், கை எடுப்பதற்குள் இறுக ஆரம்பித்துவிடும். சொட்டு சரியாக உட்கார்ந்தபின் வெயிலில் வைத்துக்கொள்ளலாம்.

சின்ன விளக்குகளுக்கு, சித்திரைப் பொருட்காட்சியில் குழந்தைகள் அடம்பிடித்து வாங்கும் ஃபைபர் விளக்கு வீட்டில் உடைந்து கிடந்தால் எடுங்கள். ஒரு இழையை வெட்டி, நுனியைச் சால்டரிங் அயர்ன் பக்கத்தில், தொடாமல், காட்டுங்கள். நுனி சுருங்கி உருண்டு குமிழாகும். முன்பக்கத்திலிருந்து துளைக்குள் நுழைத்தால் குமிழ் வெளியே நிற்கும், வால் உள்ளே எல்.ஈ.டி.யைத் தொடும். ஒரே எல்.ஈ.டி. இரண்டு மூன்று இழைக்கு வெளிச்சம் தரும்.

சூப்பர் க்ளூ பக்கம் போகாதீர்கள். அதன் ஆவி படிந்து லென்ஸ் வெள்ளையாய்ப் பூத்துவிடும்.

மற்ற சாமான்: 0.12 மி.மீ. எனாமல் கம்பி (40-ம் நம்பர்) மோட்டார் ரீவைண்டிங் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சால்டர் வைக்கும் முனையில் பிளேடால் எனாமலைச் சுரண்டிவிட வேண்டும். கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி லென்ஸும் நுனி மெலிந்த இடுக்கியும், மதுரையில் நகைக்கடைகள் நிறைந்த தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம், தட்டார் சாமான் விற்பவர்களிடம் விசாரியுங்கள். சிம்மக்கல்லில் ரேடியோ ரிப்பேர் பார்த்த காலத்திலிருந்து நான் நம்புவது தட்டார் இடுக்கியைத்தான்.

கேள்வி: ரிவர்ஸில் ஓட்டினால் எல்.ஈ.டி. போய்விடுகிறது.
– வாசகர், போடி

பதில்: ரிவர்ஸில் தண்டவாளத்தின் பிளஸ், மைனஸ் மாறிவிடும். சாதாரண எல்.ஈ.டி. தலைகீழாக 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. வெள்ளைக்கு எதிர்த்திசையில் ஒரு சிவப்பு எல்.ஈ.டி.யை இணையாகக் கோத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டர் போடுங்கள். ஒன்றை ஒன்று காப்பாற்றும். முன்னே போனால் வெள்ளை, பின்னே வந்தால் சிவப்பு. சிவப்பு வேண்டாமென்றால் அந்த இடத்தில் 1என்4148 டையோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் பாகம்).

கேள்வி: ஸ்டேஷனில் நின்றதும் விளக்கு அணைகிறதே?
– அதே வாசகர்

பதில்: மோட்டாருக்கான மின்சாரம்தானே விளக்குக்கும்? வண்டியை நிறுத்தினால் இரண்டும் போகும். நின்றாலும் எரிய வேண்டுமென்றால் டி.சி.சி. (தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் விட்டு, டிஜிட்டல் சிக்னலில் எஞ்சினை இயக்கும் முறை) கட்டுப்பாட்டுக் கருவியும், அந்தச் சிக்னலைப் புரிந்துகொள்ள எஞ்சினுக்குள் ஒரு டிகோடரும் வேண்டும். டிகோடரில் நீல வயர் பொது பிளஸ், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு. ரெசிஸ்டர் அப்போதும் தேவை. ஒரே ஒரு எஞ்சினுக்காக அந்தச் செலவு வேண்டாம். மூன்று நான்கு சேர்ந்தபின் யோசியுங்கள்.