பிள்ளையின் பெயர் காப்புறுதியில் எப்போது ஏறும்?

கேள்வி: கணவரின் வேலையிடக் குழுக் காப்புறுதியில் நானும் இருக்கிறேன். அடுத்த மாதம் பிரசவம். பிள்ளைக்கும் தானாகவே காப்பு வருமா? தத்தெடுத்த பிள்ளை என்றால்?
– வாசகி, கொக்குவில்

பதில்: தானாக வரும் என்று நம்பியிருக்காதீர்கள். பிறந்து எத்தனையாம் நாளிலிருந்து பிள்ளையைச் சேர்ப்பார்கள், எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் இப்போதே பாருங்கள். பிரசவக் கொடுப்பனவு பெரும்பாலும் தாயின் செலவுக்கே. குறைமாதப் பிள்ளை இன்குபேட்டரில் இருந்தால் தனியார் வைத்தியசாலையில் அதற்குத் தனிப் பில் வரும்; சிக்கல் அங்கேதான். பிறவிக் குறைபாடுகளை விலக்கும் பந்தியையும் வாசியுங்கள். யாழ். போதனா வைத்தியசாலையில் என்றால் சிகிச்சை இலவசம், இந்தத் தலையிடி இல்லை.

பெயருக்கு நாள், எண் பார்த்துக்கொண்டு பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்து, பிறகு பெயரைச் சேர்க்கலாம். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியோடு மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். காப்பு எந்தத் திகதியிலிருந்து என்று காப்புறுதி நிறுவனத்தின் கடிதம் கைக்கு வரும்வரை விடாதீர்கள். வாய்ச்சொல் பில்லுக்கு உதவாது.

தத்துப்பிள்ளைக்கு மாவட்ட நீதிமன்றக் கட்டளையும், பதிவாளர் நாயகம் தரும் மகவேற்புச் (தத்தெடுப்பு) சான்றிதழும் ஆதாரம். பிள்ளை வீட்டுக்கு வந்த நாளா, நீதிமன்றக் கட்டளை கிடைத்த நாளா கணக்கு என்பதை முன்பே எழுதிக் கேளுங்கள். வழக்கு முடியும்வரை பிள்ளை காப்பில்லாமல் இருக்கக்கூடும். சொந்தக்காரரின் பிள்ளையைக் கட்டளை இல்லாமல் வளர்ப்பவர்களின் கோரிக்கை பெரும்பாலும் நிராகரிக்கப்படும்.