சர்வர் படிப்புக்குப் பணம் கட்டும் முன் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்குங்கள்

திருப்பூரிலிருந்து எழுதிய ஐயாவுக்கு வணக்கம்.

மகன் பி.சி.ஏ. முடித்துவிட்டான், கோடிங் பிடிக்கவில்லை, சர்வர் விர்ச்சுவலைசேஷன் படிக்கப்போகிறேன் என்கிறான், கோர்ஸுக்கு ரூ.80,000 கேட்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டதாமே, இனி சர்வருக்கு யார் வேலை தருவார்கள் என்ற பயமும் கடைசி வரியில் தெரிந்தது. கட்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த மாதம் கட்டாதீர்கள், அவ்வளவுதான்.

பனியன் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர் நீங்கள். உங்கள் ஆபீஸை வைத்தே சொல்கிறேன். டாலிக்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, சரக்கு, ஆர்டர் எல்லாம் பார்க்கும் ஈ.ஆர்.பி. மென்பொருளுக்கு ஒரு பெட்டி, ஆட்கள் விரல் வைக்கும் வருகைப்பதிவுக்கு ஒன்று என்று மேஜைக்கடியில் வரிசையாக இருக்கும். பெரும்பாலான நேரம் அவை சும்மாதான் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது நல்ல சர்வர் ஒன்றில் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளைப் போட்டு, இந்த மூன்றையும் அதற்குள் தனித்தனி மெஷின்களாக ஓடவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். இதற்குத்தான் விர்ச்சுவலைசேஷன் என்று பெயர். புதுச் சரக்கு ஒன்றுமில்லை. ஐ.பி.எம். 1972-லேயே பெரிய கம்ப்யூட்டர்களில் இதைச் செய்தது. சாதாரண சர்வர்களுக்கு விஎம்வேர் என்ற கம்பெனி தன் ஈ.எஸ்.எக்ஸ் என்ற ஹைப்பர்வைசரைக் கொண்டுவந்தது 2001-ல்.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. உங்கள் மகன் நன்றாகப் படிக்க வேண்டியது மற்றப் பாதியை, அதாவது எல்லா மெஷினும் பங்குபோட்டுக்கொள்ளும் டிஸ்க் இடமான ஸ்டோரேஜை. ஒண்டுக்குடித்தன வீட்டில் அறை தனித்தனியாக இருக்கும், கிணறு ஒன்றுதான். ஒரு வீட்டில் விசேஷம் என்று நாள்பூராவும் இறைத்தால் மற்ற வீடுகளுக்குத் தண்ணீர் இழுக்காது. அடிவரை வற்றினால் எல்லாக் குடித்தனமும் தவிக்கும்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்து, பிறகு வேலைக்குச் சேர்ந்த ஒரு பையனுக்கு இதுதான் நடந்தது. அப்டேட் போடும் முன் பாதுகாப்புக்கு என்று கணக்கு மெஷினில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தான், அதாவது தவறினால் திரும்பிப்போக அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைத்தான். அப்டேட் நன்றாக முடிந்தது, ஸ்னாப்ஷாட்டை நீக்க மறந்துவிட்டான். ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியிலிருந்து மாறும் எல்லாமே ஒரு தனிக் கோப்பில் எழுதப்பட்டுக்கொண்டே போகும். சில மாதத்தில் அது வீங்கி, பொது ஸ்டோரேஜையே அடைத்துவிட்டது. சம்பளம் போடும் நாளன்று கணக்கு மெஷின் மட்டுமில்லை, பக்கத்தில் ஓடிய அத்தனையும் நின்றது. ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்று விஎம்வேரே எழுதி வைத்திருக்கிறது. கோர்ஸில் அவனுக்கு ஸ்னாப்ஷாட் எடுக்கும் பட்டனைக் காட்டியிருந்தார்கள், அது டிஸ்க்கில் என்ன செய்யும் என்று காட்டவில்லை. ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நம்பியிருக்கும் ஆபீஸ்கள் இன்னமும் இருக்கின்றன என்பது வேறு கதை.

கிளவுட் பயத்துக்கு வருகிறேன். கிளவுட் என்பதும் யாரோ ஒருவருடைய கட்டடத்தில் ஓடும் சர்வர்தான். கூகுள் கிளவுடின் அடியில் இருப்பது கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர், மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரின் அடியில் ஹைப்பர்-வி என்ற ஹைப்பர்வைசர். இரண்டுமே உங்கள் மகன் படிக்கப்போகிற சங்கதிதான். அதனால் படிப்பு வீண்போகாது. எனக்கு இருக்கும் கவலை, ஒரே கம்பெனியின் திரையை மட்டும் மனப்பாடம் செய்வதைப் பற்றியது. 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் என்ற கம்பெனி வாங்கியது. அடுத்த மாதமே, ஒரு தடவை காசு கொடுத்து என்றைக்கும் வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனை நின்று, எல்லாம் சந்தாவாக மாறியது. ஈ.எஸ்.எக்ஸின் வாரிசான ஈஎஸ்எக்ஸ்ஐ-யின் இலவசப் பதிப்பை 2024 பிப்ரவரியில் நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் திரும்பக் கொடுத்தார்கள். இந்தக் களேபரத்தில் பல நிறுவனங்கள் ப்ராக்ஸ்மாக்ஸ், ஹைப்பர்-வி, நூட்டானிக்ஸ் என்று இதே வேலையைச் செய்யும் வேறு மென்பொருளைத் தேடின. அடிப்படை தெரிந்தவனுக்கு அது புது வேலை. பட்டன் மட்டும் தெரிந்தவன் திகைத்து நின்றான்.

ஆகவே முதல் மூன்று மாதம் வீட்டிலேயே பழகட்டும். ஆபீஸ்களிலிருந்து கழித்துவிடும் பழைய டெஸ்க்டாப் ஒன்று, 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி போதும். வியன்னாவிலிருந்து வரும் ப்ராக்ஸ்மாக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் மெஷின் ஒன்று போடட்டும். விண்டோஸ் சர்வரை 180 நாள் சோதனைப் பதிப்பாக மைக்ரோசாஃப்டே தருகிறது, அதையும் ஒன்று போடட்டும். பிறகு வேண்டுமென்றே கெடுக்கட்டும். 100 ஜிபி இடத்தில் மூன்று மெஷினுக்குத் தலா 60 ஜிபி தருவதாகச் சொல்லி, கோப்புகளைக் கொட்டி நிரப்பட்டும். தின் ப்ரொவிஷனிங் என்பார்கள், இல்லாத இடத்தைக் கடன் சொல்லிக் கொடுப்பது. கடன் கழுத்தை நெரிக்கும்போது எந்த மெஷின் எப்படி விழுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் மறக்காது. பேக்கப்பிலிருந்து ஒரு மெஷினை முழுசாக மீட்டெடுத்துக் காட்டட்டும்.

கூடவே லினக்ஸும் நெட்வொர்க்கும். சான்றிதழ் வேண்டுமென்றால் லினக்ஸ் கம்பெனியான ரெட் ஹாட் நடத்தும் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. தேர்வு எனக்குப் பிடிக்கும். அதில் நான்கில் ஒன்றை டிக் அடிக்கும் வேலை இல்லை, மெஷின் முன்னால் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் மூடியிருக்கும்போதுதான் சர்வரில் கை வைக்க முடியும். பொங்கலுக்கு ஊரே ஓய்வெடுக்கையில் இவன் அப்டேட் போட்டுக்கொண்டிருப்பான், ஞாயிறு அதிகாலையில் போன் வரும். தொடக்கச் சம்பளம் கோடிங் போன நண்பர்களைவிடக் குறைவாக இருக்கலாம். ஐந்தாறு வருடம் பொறுத்தால்தான் இவனை விட்டால் ஆள் இல்லை என்ற இடம் வரும். அம்மாவிடமும் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

மூன்று மாதம் கழித்தும் ஆர்வம் குறையவில்லை என்றால் அந்த இன்ஸ்டிடியூட்டுக்கு நீங்களே போங்கள். ஸ்டோரேஜ் வகுப்பு எத்தனை நாள், ஒவ்வொருவருக்கும் தனி சர்வர் கிடைக்குமா, கெட்டுப்போனதை மீட்கும் பயிற்சி உண்டா என்று மூன்றே கேள்வி கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் கட்டுங்கள்.

பழைய பெட்டி வாங்கும்போது ரேம் ஸ்லாட் நான்கு இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸில் மெஷின் கிளம்பவில்லை என்றால் பெட்டி பழுது என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். கம்ப்யூட்டர் கிளம்பும்போதே திறக்கக்கூடிய பயாஸ் என்ற அமைப்புத் திரையில் விர்ச்சுவலைசேஷன் என்ற ஒன்று அணைந்து கிடக்கலாம், அதைப் போட்டால் சரியாகிவிடும்.