விந்தணு நகராததற்கு வால் புரதம்தான் காரணமா?

கேள்வி: எனக்கு 34 வயது. விந்து பரிசோதனையில் எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ஆனால் முன்னோக்கி நகரும் அணுக்கள் 14 சதவீதம்தான். வாலில் உள்ள புரதங்கள் சரியில்லை என்றால் இப்படி ஆகும் என்று படித்தேன். புரதப் பவுடர் சாப்பிடலாமா? மரபணுப் பரிசோதனை வேண்டுமா?

பதில்: பவுடர் வேண்டாம். சாப்பிடுகிற புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்துவிடும், விந்தணுவின் வாலுக்கென்று போய்ச் சேராது. விந்தகத்தில் அணு உருவாகும்போதே மரபணு சொல்கிறபடி வால் புரதங்கள் தயாராகி, அதனதன் இடத்தில் அமர்ந்துவிடுகின்றன.

நீங்கள் படித்தது தவறில்லை. வாலின் மையத்தில் 2 நுண்குழல்கள், அவற்றைச் சுற்றி 9 ஜோடிகள். எல்லாம் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் டைனீன் என்ற புரதம் கைபோல நீண்டு, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்துப் பக்கத்து ஜோடியைத் தள்ளும். ஜோடிகள் அடியிலும் இடையிடையேயும் பிணைக்கப்பட்டிருப்பதால் வழுக்கிப் போக முடியாமல் வளைகின்றன. ஒரு பக்கத்து டைனீன்களும் எதிர்ப்பக்கத்தவையும் மாறி மாறி வேலை செய்வதால்தான் வால் துடிக்கிறது. இதற்கான ஆற்றல் நடுப்பகுதியில் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து மட்டும் வருவதில்லை. வாலின் நார் உறையிலேயே சர்க்கரையை உடைக்கும் நொதிகள் உட்கார்ந்திருக்கின்றன. கேட்ஸ்பெர் என்று ஒரு கால்சிய வாயிலும் உண்டு. கருமுட்டையை நெருங்கும்போது வேண்டிய பலமான சவுக்கடி அசைவு அதைப் பொறுத்தது. வழக்கமான விந்து பரிசோதனையில் அதன் குறை தெரியாமலே போகலாம்.

ஆனால் உங்கள் ரிப்போர்ட் இந்தக் கதையோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை. டிஎன்ஏஹெச்1 என்பது டைனீனின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணு. அதில் வரும் பிழை ஆண்களின் குழந்தையின்மைக்குக் காரணமாகலாம் என்று 2014-இல் தெரியவந்தது. அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் அசைவே அநேகமாக இருக்காது, வாலும் குட்டையாகவோ சுருண்டோ இல்லாமலோ இருக்கும். 14 சதவீதம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கீழ்வரம்பான 30-க்குக் குறைவுதான். ஆனாலும் இத்தனை அணுக்கள் ஓடுகின்றன என்றால், நான் முதலில் மரபணுவைச் சந்தேகப்பட மாட்டேன்.

அதற்கு முன் லேபில் மூன்று விஷயம் கேளுங்கள். நகராதவை உயிரோடு இருக்கின்றனவா? வால்களின் வடிவம் எப்படி? அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவா? பெரும்பாலானவை செத்திருந்தால் பிரச்சினை வேறு எங்கோ இருக்கிறது. ஒட்டிக்கொண்டால், விந்தணுவுக்கு எதிராக உடலே உருவாக்கிய எதிர்ப்பொருள் இருக்கலாம். உயிரோடு இருந்தும் அசையாமல், வால்களும் கோணலாக இருந்தால்தான் புரதக் கோளாறு முன்னுக்கு வரும். சிறு வயதிலிருந்தே சளி, இருமல், சைனஸ் தொல்லை விடாமல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சுவாசக் குழாயின் நுண்ணிழைகளிலும் இதே டைனீன் அமைப்புதான்.

அப்புறம், ஒரே பரிசோதனையை வைத்து முடிவெடுக்காதீர்கள். 2 முதல் 7 நாள் விந்து வெளியேற்றாமல் இருந்து, முடிந்தால் லேபிலேயே மாதிரி கொடுங்கள். வழியில் குளிர்ந்துபோனாலோ தாமதமானாலோ அசைவு குறைந்துவிடும். விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும், ஆகவே அண்மையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் 3 மாதம் கழித்துச் செய்வது நல்லது. விதைப்பையில் ரத்தநாளங்கள் புடைத்திருக்கும் வேரிகோசீல் இருக்கிறதா என்று ஆண்மை மருத்துவரிடம் பாருங்கள். புகை பிடித்தால் இன்றே நிறுத்துங்கள்.

மரபணுக் கோளாறு உறுதியானாலும் மாத்திரையால் அது மாறாது. உயிருள்ள அணுவைத் தேர்ந்து நேரடியாகக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறை இருக்கிறது. எந்த மரபணு என்பதைப் பொறுத்து பலன் மாறும், அதனால் முன்பே மரபணு ஆலோசனை பெறுங்கள். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால், உங்கள் மறுபரிசோதனைக்காகக் காத்திராமல் அவருடைய பரிசோதனைகளையும் இப்போதே தொடங்கிவிடுங்கள்.