கேட்டபோது சொல்லாதது

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் திருவாரூர்ப் பக்கம். கூட்டுறவு வங்கியில் வேலை, வயது 34. ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம் எல்லாம் ஒரே கோயிலில்தான். ஞாயிறு ஆராதனை தவறியதில்லை. போன மாதம் ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது திடீரென்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் கோயிலுக்கு வெளியே ஒரு ஆளிடம்கூட இயேசுவைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை. அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. மூன்று மாத ஊழியப் பயிற்சி ஒன்று இருக்கிறது, சேரலாமா? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினம் ஒரு வசனம் போடுகிறேன், அது சாட்சி ஆகுமா? ஆழித்தேர் அன்று 2,000 கைப்பிரதி அடித்துக் கொடுக்கலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். மனைவியோ, "நமக்கு ஏன் வம்பு, நாம நல்லபடியா நடந்தாலே போதும்" என்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அந்தச் செருப்பு தேடிய இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். ஏழெட்டு வருஷமாக என் மனசில் கிடக்கிற ஒன்றை அது கிளறிவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் தேர் விஷயம். வேண்டாம். ஊரே சேர்ந்து வடம் பிடிக்கிற நாள் அது. அவர்கள் சாமி வீதிக்கு வருகிற நாளில் நடுவில் புகுந்து காகிதம் நீட்டுவது என்ன மரியாதை? கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நீங்கள் குடும்பத்தோடு போகும்போது வாசலில் ஒருவர் நின்று உங்கள் பிள்ளை கையில் வேறு சாமியைப் பற்றிய தாளைத் திணித்தால் பொறுப்பீர்களா? மதத்தைப் பரப்ப அரசமைப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு உரிமை தந்திருக்கிறது என்பீர்கள். எனக்கும் தெரியும். அந்த உரிமையைத் தேர் அன்றைக்குத்தான் காட்ட வேண்டுமா? தேர் நகர்ந்த பிறகு அந்த 2,000 தாளும் மோர்ப் பந்தல் டம்ளரோடு தெருவில் மிதிபட்டுக் கிடக்கும். அதில் அச்சடித்திருப்பது உங்கள் ஆண்டவர் பெயர்.

ஸ்டேட்டஸ் உங்கள் இஷ்டம். பயிற்சிக்கு நேரம் இருந்தால் போங்கள். உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. ஒழுங்காக நடக்காதவன் பேசினால் யார் காது கொடுப்பார்கள்? அதிலும் சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்து வைத்திருக்கிற சபைக்காரன் அன்பைப் பற்றிப் பேச வாயே திறக்கக் கூடாது. ஆனால் நல்லபடியாக நடக்கிறவர்கள் எல்லா மதத்திலும் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நீங்கள் யாரை நம்பி அப்படி நடக்கிறீர்கள் என்பதைச் சொல்லாவிட்டால் எப்படித் தெரியும்?

சரி, எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் 2,000 பேர் இருக்கிறார்கள், ஒரு மனிதர் இல்லை. வங்கியில் பக்கத்து மேஜையில் இருப்பவர் யார்? அவர் எந்த மாதம் விரதம் இருக்கிறார், எதற்காக இருக்கிறார்? கேட்டிருக்கிறீர்களா? கேட்காதவரிடம் போய் என்னத்தைச் சொல்லப்போகிறீர்கள்?

டெல்டாக்காரர்களான நமக்கு இதைச் சொல்லித்தர வெளியூரிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706 ஜூலை 9. வயது 24 ஆக ஒரு நாள் இருந்தது. ஆண்டு விழாவில் பிள்ளைகளை என்ன ஒப்பிக்க வைக்கிறோம்? அச்சுக்கூடம், 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு, 1718-இல் புதிய எருசலேம் கோயில். எல்லாம் சரிதான். அதற்கெல்லாம் முன்னால் அவர் செய்ததை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒரு வயதான வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்துப் பழகினார். சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1708-இல் அவர் எழுதிய பட்டியலில் தமிழ் நூல்கள் மட்டும் நூற்றுக்கு மேல். அப்புறம் 1712-இலிருந்து அவரும் உடனிருந்த மிஷனரியும் நம் ஜனங்களுக்குக் கேள்வி எழுதி அனுப்பி, பதில் கடிதம் வாங்கினார்கள். உங்கள் சாமிகள் யார், கல்யாணம் எப்படிச் செய்வீர்கள், நோய்க்கு என்ன மருந்து, கிறிஸ்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம். அப்படி வந்ததில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் அச்சாகியிருக்கின்றன. ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் குடியும் அசுத்தமும் தங்களுக்கு எவ்வளவு அருவருப்பு என்று நம் ஆட்கள் அதில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். மிஷனரிகள் அதையும் சேர்த்துத்தான் தங்கள் ஊருக்கு அனுப்பினார்கள்.

தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் ஒரு புத்தகமே எழுதினார். அவரை ஆதரித்த, ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பெரியவர்கள் அதை அச்சிடவில்லை. 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. அவர் குறையே இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. வந்த புதிதில் ஒரு கோயிலின் மண் உருவங்களை உடைத்தவரும் அவர்தான். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். உடைத்த அதே ஆள் பிறகு உட்கார்ந்து கேட்டார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இன்னொன்றும் உண்டு. தஞ்சை ராஜ்யத்துக்குள் தரங்கம்பாடியின் வெள்ளைக்கார மிஷனரிகளை எளிதில் நுழைய விடவில்லை. அப்படியானால் நம் உள்ளூர்க் கிராமங்களுக்கு யார் சொன்னது? ராஜாவின் படையில் இருந்த ராஜநாயக்கன், தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷத்தைப் படித்துவிட்டுத் தானே தேடிப்போனவர். திரும்பி வந்து சொந்த ஜனங்களிடம் பேசினார். 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் ஐயர் ஊர் ஊராக அலைந்தார். மிஷனரிகள் வரமுடியாத இடத்துக்கெல்லாம், பக்கத்துத் தெருவின் பேச்சும் பழக்கமும் தெரிந்த நம் ஆட்கள்தான் போனார்கள்.

இப்போது என் கதை.

2018 நவம்பர் 16. கஜா புயல் அடித்து ஓய்ந்த காலை. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம். அடுத்த கொல்லைக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். 62 தென்னை வைத்திருந்தார். ஐந்து நின்றது. விழுந்த மரம் ஒன்றின்மேல் உட்கார்ந்து, அரிவாளால் குருத்தை மெல்ல மெல்லச் சீவிக்கொண்டிருந்தார். தின்பதற்கு இல்லை, கை சும்மா இருக்க முடியாமல். நான் போனதும் நிமிராமல் கேட்டார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமையானா குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போறீங்களே. அங்க இதுக்கு என்ன சொல்றாங்க?"

நான் சொன்னேன்: "எல்லாம் சரியாயிடும்ணே. நிவாரணம் எழுத வருவாங்க. ஆதாரை எடுத்து வைங்க."

அவர் தலையை ஆட்டினார். மறுபடி குருத்தைச் சீவ ஆரம்பித்தார்.

தம்பி, இயேசுவின் சீடர் பேதுரு தன் நிருபத்தில் யாருக்குப் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கச் சொல்கிறார்? கேட்கிறவர்களுக்கு. அதுவும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும். என் வாழ்நாளில் ஒரே ஒருவர் கேட்டார், நான் ஆதார் அட்டையைப் பற்றிப் பேசினேன். விழுந்து கிடக்கிற மனுஷனிடம் மதம் பேசக் கூடாது என்று நினைத்ததாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கூச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அரிசி மூட்டையோடு சேர்த்து வேதத்தைக் கொடுக்கிறவர்கள் இரண்டையும் கெடுக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு நான் எதையும் கொண்டுபோய்த் திணிக்கவில்லையே, அவராகத்தானே கேட்டார். உண்மை என்னவென்றால், மனப்பாடம் செய்த வசனங்களைத் தவிர என்னுடையது என்று சொல்ல ஒன்றும் கையில் இல்லை என்று பயந்தேன். இருந்தது. அதை எடுத்து வெளியே வைக்கத்தான் தைரியம் இல்லை.

தை மாதம் அவர் கன்று நட்டார். நானும் மண்வெட்டியோடு போனேன். மூன்றாவது குழி வெட்டும்போது சொன்னேன், "அண்ணே, அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்க. நான் பதில் சொல்லல. இப்ப சொல்லட்டுமா?" சொல்லு என்றார். எங்கள் முதல் பிள்ளை பிறந்து எட்டாம் நாள் போனது. கல்லறையில் நின்று கடவுளைத் திட்டினேன். அப்போது எனக்கு நினைவு வந்தது, சிலுவையில் தொங்கியவரும் ஏன் என்னைக் கைவிட்டீர் என்றுதான் கத்தினார் என்று. அவர் என் பக்கத்தில் நிற்கிறார் என்று அன்றைக்குத் தெரிந்தது. இவ்வளவுதான் அண்ணே எனக்குத் தெரியும், புயல் ஏன் வந்தது என்று தெரியாது என்றேன்.

முழங்கால் ஆழக் குழியில் நின்றுகொண்டு அவர் என்னையே பார்த்தார். "எட்டு நாளா? இத்தனை வருஷமா பக்கத்துல இருக்கோம், எனக்குத் தெரியாதே தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கன்னைக் குடு."

இன்றுவரை அவர் எங்கள் கோயிலுக்கு வந்ததில்லை. அமாவாசை விரதம் தவறுவதில்லை. அந்த விரதம் எதற்கு என்று இப்போது எனக்குத் தெரியும், கேட்டேன். போன மாதம் பேத்திக்கு ஆபரேஷன் என்று ராத்திரி ஒன்பது மணிக்கு வேலியோரம் வந்து நின்றார். "உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லு தம்பி." அவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து சத்தமாக ஜெபித்தேன். அண்ணி டிவியை நிறுத்திவிட்டு வந்து நிலைப்படியில் நின்றார்.

கைப்பிரதிக்கு எடுத்து வைத்த பணத்தில் வேறு ஏதாவது செய்யுங்கள். அடுத்த கடிதத்தில் அந்தப் பக்கத்து மேஜைக்காரரைப் பற்றி எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்