கோலாலம்பூரில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் முன்: எழுத்தில் வாங்குங்கள்

அன்புத் தங்கைக்கு,

கணவருக்குக் கோலாலம்பூரில் வேலை உறுதியாகிவிட்டது, குடும்பத்தோடு கிளம்புகிறோம், மகனுக்கு ஒன்பது வயது, டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் சிரமப்படும் கற்றல் குறைபாடு, என்று கோவையில் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். "அங்கே பள்ளிக்கூடம் சேர்க்க மாட்டோம் என்றால் தட்டிக் கேட்க நம் ஊர் மாதிரி சட்டம் இருக்கிறதா அக்கா?" என்று கேட்டிருந்தீர்கள். சட்டம் இருக்கிறது. அதை மட்டும் நம்பி வராதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் விமானம் ஏறுவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன.

என் மகளுக்குப் பிறவியிலிருந்தே காது சரியாகக் கேட்காது. மழலையர் வகுப்பிலிருந்து இங்கேதான் படித்தாள், இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அதனால் இந்த விஷயத்தில் கேள்விப்பட்டதை விட நேரில் பட்டது அதிகம்.

நம் ஊரில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. மீறினால் முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மறுபடியும் செய்தால் ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை. புகார் சொல்ல மாநில ஆணையர் இருக்கிறார். நடைமுறையில் எவ்வளவு இழுத்தடிப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும், ஆனாலும் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருக்கிறது.

மலேசியாவில் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, நடப்பில் இருக்கிறது. அதன் 28வது பிரிவை எல்லாப் பெற்றோரும் ஒருமுறை படித்துவிட வேண்டும். குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் பாலர் பள்ளியிலிருந்து உயர்கல்வி வரை ஒதுக்கக் கூடாது என்கிறது. அரசாங்கம் மட்டுமல்ல, தனியார் கல்வி நிலையங்களும் பிள்ளைக்கு ஏற்றபடி கட்டட வசதி, கருவிகள், பாடப்பொருள், கற்பிக்கும் முறை, பாடத்திட்டம் எல்லாவற்றிலும் நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. படித்தால் மனசு குளிர்ந்துவிடும்.

அப்புறம் முழுச் சட்டத்தையும் புரட்டினால் தெரியும், செய்யாவிட்டால் என்ன தண்டனை என்று ஒரு வரி கூட இல்லை. நல்லெண்ணத்தோடு செய்ததற்கோ செய்யாமல் விட்டதற்கோ அரசாங்கத்தின் மீதும் அமைச்சர் மீதும் வழக்குப் போட முடியாதபடி 41வது பிரிவு காப்பு கொடுத்துவிடுகிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 8வது விதி மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. உடல், மனக் குறைபாடு அந்தப் பட்டியலில் இல்லை. அதோடு அந்தப் பாதுகாப்பும் குடிமக்களுக்குத்தான். ஐநாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை மலேசியா 2010இல் ஏற்றது. ஆனாலும் பள்ளி அலுவலகத்து மேசை முன்னால் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது அது கைகொடுக்காது.

வந்த புதிதில் அக்கம்பக்கத்தார் அன்போடு "ஓகேயு அட்டை எடுத்துட்டீங்களா?" என்று கேட்பார்கள். அது சமூக நல இலாகா இந்த நாட்டுக் குடிமக்களுக்குக் கொடுக்கும் மாற்றுத்திறனாளி அட்டை, வேலை பெர்மிட்டில் வந்திருக்கும் நமக்குக் கிடைக்காது. அரசுப் பள்ளிகளில் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கு பிபிகேஐ என்ற தனி வகுப்புகள் நடக்கின்றன, தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றிலும் உண்டு. 2019இல் கல்வி அமைச்சு, சிறப்புத் தேவை உள்ள எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று கொள்கை கொண்டுவந்தது. உள்ளூர்க் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். அந்த வகுப்புகள் பெரும்பாலும் மலாய் மொழியில் நடப்பவை. ஒன்பது வயதில், எழுத்தோடு ஏற்கெனவே போராடும் பிள்ளைக்கு இன்னொரு மொழியையும் புதிதாகத் திணிக்க வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். உங்களைப் போல் வருபவர்களுக்குக் கடைசியில் அனைத்துலகப் பள்ளிதான் வழியாகிறது.

இங்கேதான் நம்மவர்கள் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். பிரிட்டிஷ் பாடத்திட்டம் என்று பலகை இருந்தால் பிரிட்டனின் சட்டமும் கூடவே வரும் என்று நினைக்கிறார்கள். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் பிரிட்டனோடு சரி. அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைக்கென்று தனிக் கல்வித் திட்டம் எழுதுவார்கள், ஐஇபி என்பார்கள். அங்கே அரசுப் பள்ளியில் அது சட்டம் கட்டாயப்படுத்தும் ஆவணம். கோலாலம்பூரின் மான்ட் கியாரா பகுதியில் ஒரு தனியார் பள்ளி அதே பெயரில் ஒரு தாளைத் தந்தால், அதற்குப் பள்ளியின் நல்லெண்ணம் அளவுக்குத்தான் மதிப்பு. "இப்போதைக்கு இடமில்லை", "எங்களிடம் அதற்கான ஆசிரியர் இல்லை" என்று இனிமையாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். சட்டம் 685 'நியாயமான மாற்றம்' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, அளவுக்கு மீறிய சுமையாக இருக்கக் கூடாது என்று சேர்த்திருக்கிறது. எது அளவுக்கு மீறியது என்பதைப் பெரும்பாலும் பள்ளியே சொல்லிக்கொள்கிறது.

அதனால் உங்கள் பிள்ளைக்கான பாதுகாப்பு நீங்கள் பள்ளியோடு போடும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. டெபாசிட் கட்டுவதற்கு முன்னால் எழுத்தில் வாங்குங்கள். கட்டிய பிறகு கேட்டால் குரல் மாறிவிடும்.

எங்கள் அடுக்குமாடியில் திருச்சிக் குடும்பம் ஒன்று இருந்தது. பள்ளித் தலைமையாசிரியை வாய் நிறையச் சொன்னார், பையனுக்குத் தேர்வில் கூடுதல் நேரம், கரும்பலகையைப் பார்த்து எழுத வேண்டாம், குறிப்புகளை அச்சடித்துத் தருவோம் என்றெல்லாம். அடுத்த ஆண்டு அவர் வேறு நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு "இதில் ஒன்றும் இல்லையே" என்றார். இங்கே ஆசிரியர்கள் ஒப்பந்தத்தில் வந்து போகிறவர்கள். சொன்னவர் நல்லவராகவே இருந்தாலும் அவரோடு வாக்கும் போய்விடும்.

என் மகளுக்கு நாங்கள் வைத்திருந்தது ஒரே பக்கம். ஜன்னலுக்கு எதிராக உட்கார வைக்கக் கூடாது, ஏனென்றால் ஆசிரியர் ஜன்னல் பக்கம் நின்றால் முகம் இருட்டாகி உதட்டசைவு தெரியாது. ஏர்கான் பெட்டிக்குக் கீழே இடம் வேண்டாம், அதன் இரைச்சலைக் காதுக் கருவி பேச்சை விடப் பெரிதாக்கிவிடும். ஆசிரியர் கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு பேச வேண்டும், கரும்பலகை பக்கம் திரும்பி எழுதும்போது பேசக் கூடாது. வாய்மொழித் தேர்வில் கேள்வியை அச்சிலும் தர வேண்டும். கீழே பள்ளியின் கையொப்பமும் தேதியும். ஒவ்வொரு ஆண்டும் புது வகுப்பாசிரியருக்கு அதை மின்னஞ்சலில் அனுப்பி, பெற்றுக்கொண்டேன் என்று பதில் வாங்கிவிடுவேன். உங்கள் மகனுக்கும் இப்படித்தான், பொதுவாக 'உதவி செய்வோம்' என்றில்லாமல், வகுப்பில் யார் என்ன செய்வார்கள் என்று எழுதுங்கள். சத்தமாக வாசிக்கச் சொல்லி எழுப்பி நிறுத்தக் கூடாது என்பதையும் சேருங்கள். ஒரு பிள்ளை பள்ளியை வெறுப்பதற்கு அது ஒன்றே போதும்.

பணத்தைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கற்றல் உதவிக்குத் தனிக் கட்டணம் உண்டா, ஷேடோ டீச்சர், அதாவது வகுப்பில் பிள்ளை பக்கத்திலேயே இருந்து உதவும் ஆசிரியர், வேண்டும் என்று பாதியில் சொன்னால் சம்பளம் யார் தருவது (பெரும்பாலும் பெற்றோர் தலையில்தான் விழும்), பள்ளியே வெளியே அனுப்பினால் டெபாசிட் திரும்ப வருமா என்று கேளுங்கள்.

சில பெற்றோர் அறிக்கையை மறைத்துச் சேர்த்துவிடுகிறார்கள். பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாதங்கள் கழித்து விஷயம் வெளியே வந்தால், தகவலை மறைத்தீர்கள் என்பதே உங்களை வெளியேற்றப் போதுமான காரணமாகிவிடும். அதற்குள் பிள்ளை சோம்பேறி என்று பெயர் வாங்கியிருப்பான்.

தேர்வு விஷயத்தில் நிலைமை நன்றாகவே இருக்கிறது. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளில் எழுதும் கேம்பிரிட்ஜ் தேர்வுகளில் கூடுதல் நேரம், வாசித்துச் சொல்பவர், கணினியில் எழுதுதல் போன்றவற்றுக்கு இடமுண்டு. வழக்கமாகக் கிடைப்பது 25 சதவீதக் கூடுதல் நேரம். ஆனால் விண்ணப்பிக்க வேண்டியது பள்ளி, நீங்கள் இல்லை. அதோடு அந்த உதவி வகுப்பிலும் பிள்ளைக்கு வழக்கமாக இருந்துவர வேண்டும் என்று பார்ப்பார்கள். தேர்வு ஆண்டில் திடீரென்று கேட்டால் கஷ்டம், அதனால் இப்போதே பழக்கமாக்குங்கள். கோலாலம்பூரில் சிபிஎஸ்இ பள்ளியும் உண்டு. அங்கே சேர்த்தால் 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம் கூடுதல், சொல்வதைக் கேட்டு எழுதித்தர ஆள் என்று சிபிஎஸ்இயின் சலுகைகள் இங்கேயும் பொருந்தும். ஆனால் அவற்றுக்கு இந்தியச் சான்றிதழ் வேண்டும், ஆகவே அரசு மருத்துவமனைச் சான்றிதழையும் யூடிஐடி என்ற இந்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் எடுக்காமல் கிளம்பாதீர்கள். அட்டைக்கு மலேசிய அலுவலகங்களில் மதிப்பு இல்லை என்றாலும் நாளைக்கு ஊருக்குத் திரும்பினால் மறுபடியும் அலைய வேண்டியிருக்காது.

மூன்றாவது மொழியைப் பற்றியும் கேளுங்கள். தமிழ்நாட்டில் டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு உண்டு. இங்கே பல பள்ளிகள் மலாய், மாண்டரின் இரண்டையும் அட்டவணையில் வைத்திருக்கும். வெளிநாட்டுப் பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பார்களா, அந்த நேரத்தில் வாசிப்புப் பயிற்சி தருவார்களா என்று கேட்டு, அதையும் அந்த ஒரு பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

தகராறு வந்தால் முதலில் பள்ளி நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார், அப்புறம் தனியார் பள்ளிகளைப் பதிவு செய்யும் கல்வி அமைச்சு. மனித உரிமை ஆணையமான சுஹாகாமிலும் முறையிடலாம். அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை, ஆனால் அங்கிருந்து ஒரு கடிதம் போனால் பள்ளிகள் நிதானிக்கும். புகாரில் 28வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவை எண்ணோடு குறிப்பிடுங்கள். விவரம் தெரிந்தவர் என்று புரிந்துகொண்டாலே பேச்சின் தோரணை மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

உதவிக்கு இங்கே மலேசிய டிஸ்லெக்சியா சங்கம் இருக்கிறது, வாசிப்புப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறார்கள். தனியாரிடம் பேச்சுப் பயிற்சிக்கோ மருத்துவ உளவியலாளரிடமோ போனால், 2016ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அழகான அறையும் வண்ணப் பொம்மைகளும் வைத்துக்கொண்டு பதிவே இல்லாமல் பணம் வாங்குபவர்களும் உண்டு.

கிளம்பும் முன் கோவை டாக்டரிடம் அறிக்கையை ஆங்கிலத்தில் விரிவாக எழுதி வாங்குங்கள். எந்தச் சோதனைகள் செய்தார், மதிப்பெண் என்ன, தேதி என்ன என்பது வேண்டும். முக்கியமாக, வகுப்பில் என்னென்ன ஏற்பாடு தேவை என்று அவரே தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். 'டிஸ்லெக்சியா உள்ளது' என்ற ஒற்றை வரிக் கடிதத்தைப் பள்ளிகள் ஓரமாக வைத்துவிடும். இப்போதைய வகுப்பாசிரியரிடமும் ஒரு கடிதம், பையனின் நோட்டுப் புத்தகங்களில் இரண்டு மூன்று, எல்லாவற்றையும் கைப்பையிலேயே கொண்டுவாருங்கள். எந்தப் பள்ளி என்று முடிவாகப் போகும்போது எனக்குச் சொல்லுங்கள், அங்கே பிள்ளையைப் படிக்க வைக்கும் அம்மா யாராவது தெரிந்தால் பணம் கட்டுவதற்கு முன் உங்களோடு பேச வைக்கிறேன்.