ஒப்பரேஷனுக்குப் பிறகும் ஸ்கான் எடுக்க வேண்டுமா?

கேள்வி: மூக்கில் சதை வளர்ந்து பீனிசம் விடாமல் இருந்ததால் போன வருடம் எனக்கு ஒப்பரேஷன் செய்தார்கள். இப்போது கிளினிக் போனால் டொக்டர் கமரா விட்டுப் பார்த்து, ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி அனுப்பிவிடுகிறார். "ஸ்கான் எடுத்தால்தானே உள்ளே வீக்கம் இருக்கா என்று தெரியும், காசு கட்டியாவது எடு" என்று அண்ணன் ஒற்றைக்காலில் நிற்கிறார். எடுக்கவா?
வாசகி, கல்முனை

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தங்கச்சி. அண்ணன் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் சிடி ஸ்கானில் சைனஸ் வெளிறித் தெரிந்தால் அது வீக்கமா, தேங்கிய சளியா, ஒப்பரேஷன் தழும்பா என்று பல வேளை பிரித்தறிய முடியாது. லண்ட்-மக்கே என்று ஸ்கானுக்கு 24 வரை புள்ளி போடும் முறை இருக்கிறது, இருந்தும் புள்ளி கூடியவர் கூடுதலாகக் கஷ்டப்படுவார் என்றில்லை.

கமரா நேரே பார்க்கிறது. சதை திரும்ப முளைக்கிறதா, சவ்வு வீங்கியிருக்கிறதா, சளி வடிகிறதா, இந்த மூன்றுக்கும் பக்கத்துக்கு 0 முதல் 2 வரை போட்டால் இரண்டு பக்கமும் சேர்த்து அதிகபட்சம் 12. பழைய லண்ட்-கெனடி முறையில் தழும்பையும் பொருக்கையும் சேர்த்து எண்ணினார்கள், பிறகு வந்த திருத்திய முறையில் அவை இல்லை. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது, ஒப்பரேஷன் செய்த மூக்கில் முதல் சில வாரம் பொருக்கு வரத்தானே செய்யும்.

அந்தக் கேள்வித்தாளைத்தான் பலர் அலட்சியமாக நிரப்புகிறார்கள். அது ஸ்னொட்-22 ஆக இருக்க வேண்டும்: 22 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5, மொத்தம் 110. மூக்கடைப்பு மட்டுமில்லை, நித்திரை, களைப்பு, மனச்சோர்வு எல்லாம் அதில் வரும். சுமார் 9 புள்ளி குறைந்தாலே நோயாளி உணரக்கூடிய முன்னேற்றம் என்று எடுக்கிறார்கள். டொக்டரின் மனம் கோணக்கூடாதென்று "பரவாயில்லை" என்று குறைத்துப் போட்டுவிட்டு வந்தால் நட்டம் உங்களுக்குத்தான். ஒப்பரேஷனுக்கு முன் எடுத்த புள்ளி கிளினிக் கொப்பியில் இருக்கிறதா என்று கேளுங்கள், அதோடு ஒப்பிடாவிட்டால் இன்றைய எண்ணை வைத்து அதிகம் சொல்ல முடியாது.

மணத்தையும் கவனியுங்கள். சதை திரும்ப வளரும்போது பல வேளை முதலில் மங்குவது அதுதான், ஆகவே காலையில் கோப்பித் தூளை ஒவ்வொரு மூக்காக மணந்து பார்ப்பது நல்ல பழக்கம். வேளாண்மை வெட்டும் காலத்தில் வயல் தூசியால் இரண்டு நாள் அடைப்பு வந்தால் பயப்பட வேண்டாம், வாரக்கணக்கில் நின்றால் கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்காமல் போங்கள். சுகமாக இருக்கிறதே என்று ஸ்டீரொயிட் ஸ்பிரேயை நீங்களாக நிறுத்தவும் கூடாது. மூக்குக் கழுவ கிணற்றுத் தண்ணீரை அப்படியே எடுக்காமல் கொதிக்க வைத்து ஆறவிட்டு எடுங்கள்.

சரி, ஸ்கான் எப்போது? மறுபடி ஒப்பரேஷன் செய்ய யோசிக்கும்போது, ஒரு பக்கம் மட்டும் விடாமல் தொல்லை தரும்போது டொக்டரே எழுதுவார். கண் வீங்கினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், காய்ச்சலோடு கடும் தலையிடி வந்தால் ஸ்கானைப் பற்றி வீட்டில் இருந்து பேசிக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.