வீடும் கவுண்டியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சமையலறை சிங்கில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்குகிறது. அடைப்பு நீக்கும் திரவத்தை இரண்டு முறை ஊற்றியும் பலனில்லை. கூடவே டிஸ்போசலும் (சிங்குக்கு அடியில் உணவுக் கழிவை அரைக்கும் இயந்திரம்) 'ம்ம்' என்று முனகிவிட்டு நின்றுபோகிறது. பிளம்பரைக் கூப்பிடத்தான் வேண்டுமா?
– வாசகி, நியூஜெர்சி

பதில்: இரண்டும் தனித்தனிக் கோளாறு. இரண்டையும் நீங்களே சரிசெய்யப் பார்க்கலாம். ஆனால் திரவம் ஊற்றிய அன்றைக்கே குழாயைக் கழற்றாதீர்கள். அந்தத் திரவங்களில் பெரும்பாலும் கடுமையான காரம் இருக்கும். கையிலோ கண்ணிலோ தெறித்தால் வெந்துவிடும். மெதுவாகவாவது தண்ணீர் இறங்குகிறது என்பதால், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மறுநாள் தொடங்குங்கள். அப்போதும் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் டிஸ்போசல். முனகுகிறது என்றால் மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது, தட்டுதான் சுழலாமல் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். சுவிட்சை மட்டுமல்ல, பிரேக்கரையும் அணைத்துவிடுங்கள். டிஸ்போசலின் அடிப்பக்கம் நடுவில் அறுகோணத் துளை ஒன்று இருக்கும் (சில மாடல்களில் இருக்காது). கால் அங்குல ஆலன் சாவியை அதில் செருகி, தடையில்லாமல் சுற்றும்வரை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திருப்புங்கள். மேலே டார்ச் அடித்துப் பார்த்து, சிக்கியதை இடுக்கியால் எடுங்கள். கையை உள்ளே விடவே கூடாது. சில நிமிடம் ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு பிரேக்கரைப் போடுங்கள்.

அடுத்தது அடைப்பு. சிங்குக்குக் கீழே வளைந்திருக்கும் குழாய்க்கு அடியில் ஒரு வாளி வையுங்கள். இரண்டு முனையிலும் உள்ள பிளாஸ்டிக் நட்டுகள் பெரும்பாலும் கையாலேயே கழன்றுவிடும். கழற்றும்போது வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சரிவான பக்கம் இணைப்பைப் பார்த்து இருக்க வேண்டும், நட்டைப் பார்த்து அல்ல. இதை மாற்றிப் போட்டுவிட்டு, ஒழுகுகிறதே என்று நட்டை முறுக்கி முறுக்கி உடைத்தவர்கள் அநேகம். வளைவைச் சுத்தம் செய்து மாட்டி, கையால் இறுக்கியபின் கால் சுற்று மட்டும் கூடுதலாகத் திருப்புங்கள். தண்ணீரைத் திறந்துவிட்டு, உலர்ந்த டிஷ்யூ தாளால் இணைப்புகளை ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் தாள் காட்டிக்கொடுத்துவிடும். (குழாயைக் கழற்றி வைத்திருக்கும்போது வாளித் தண்ணீரைப் பழக்கதோஷத்தில் அதே சிங்கில் கொட்டிவிடாதீர்கள், கீழே குழாய் இல்லை!) வளைவு சுத்தமாகவே இருந்தால் அடைப்பு சுவருக்குள் இருக்கிறது. அடைப்பெடுக்கும் 25 அடிக் கம்பிச்சுருளைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்து, அதற்கும் மசியாவிட்டால் பிளம்பர்தான்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். தேங்காய் எண்ணெய் 76 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே உறைந்துவிடும். குளிர்காலத்தில் பேஸ்மென்ட் வழியாகப் போகும் குழாய் அதைவிட எவ்வளவோ சில்லென்றிருக்கும். சுடுதண்ணீர் ஊற்றினால் எண்ணெய் கரைந்து போய்விடுவது உண்மைதான், ஆனால் பத்தடி தள்ளிப் போய் மறுபடி உறையும். அங்கே நம் கை எட்டாது. அதன்மேல் சோறும் கஞ்சியும் பசையாக ஒட்டும். முருங்கைக்காய்ச் சக்கை, வாழைப்பூ நரம்பு, வெங்காயத் தோல், தேங்காய் நார் எதுவும் டிஸ்போசலுக்கு ஆகாது. வடை சுட்ட எண்ணெயை ஆறவைத்து, மூடியுள்ள டப்பாவில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள். சில கவுண்டிகளின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) மறுசுழற்சி மையங்கள் சமையல் எண்ணெயை வாங்கிக்கொள்கின்றன. அங்கே கொடுப்பதாக இருந்தால் கார் எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடாதீர்கள்.

கேள்வி: டிசம்பரில் ஐந்து வாரம் ஊருக்குப் போகிறோம். வீட்டைப் பூட்டும் முன் என்னென்ன செய்ய வேண்டும்?
– வாசகர், மிச்சிகன்

பதில்: வீட்டுக்கு வரும் தண்ணீரின் மெயின் வால்வை மூடுவதுதான் முதல் வேலை. நீள நெம்புகோல் இருந்தால் கால் சுற்று போதும். நெம்புகோல் குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியாயிற்று. வட்டக் கைப்பிடி உள்ள பழைய வால்வு என்றால் பயண நாள் வரை காத்திருக்காமல் இரண்டு வாரம் முன்பே ஒருமுறை மூடிப் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத வால்வு முழுதாக மூடாது, அல்லது தண்டருகே கசியத் தொடங்கும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது அதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை.

மூடியபின் வீட்டிலேயே தாழ்வான குழாயையும் உயரமான குழாயையும் திறந்து, உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். கழிப்பறைத் தொட்டிகளையும் ஒருமுறை ஃபிளஷ் செய்யுங்கள். வாசலில் தோட்டத்து ஹோஸைக் கழற்றிவிடுங்கள். அது மாட்டியே இருந்தால் உறைபனி தாங்கும் குழாய்கூட உள்ளுக்குள் வெடிக்கும். ஐஸ் மேக்கரை நிறுத்துங்கள். வாட்டர் ஹீட்டர் எரிவாயுவில் ஓடுவதானால் 'வெகேஷன்' நிலையில் வையுங்கள். மின்சார ஹீட்டராக இருந்தால் பிரேக்கரை அணையுங்கள். தொட்டியில் தண்ணீர் குறைந்த நிலையில் மின்சாரம் வந்தால் உள்ளே இருக்கும் கம்பி கருகிவிடும்.

வீட்டைச் சூடாக்கும் சூடேற்றியை மட்டும் அணைக்கவே கூடாது. தெர்மோஸ்டாட் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போக வேண்டாம். வீட்டில் யாரும் இல்லாதபோது சூட்டைப் பராமரிக்கவில்லை என்றால், குழாய் உறைந்து வெடித்த சேதத்துக்கு இழப்பீடு தர மறுக்கும் விதி பல வீட்டுக் காப்பீடுகளில் இருக்கிறது. பில்லில் மிச்சம் பிடிக்கப் போய் தரைப்பலகை மொத்தத்தையும் இழக்க வேண்டாம். வெந்நீர் பாய்லரால் சூடாகும் வீடு, தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் உள்ள வீடு என்றால் கணக்கே வேறு: மெயின் வால்வைத் தொடும் முன் அந்த வேலை தெரிந்தவரைக் கேளுங்கள்.

தபால் அலுவலகம் தபாலை அதிகபட்சம் 30 நாள்தான் பிடித்து வைக்கும். ஐந்து வாரம் என்றால் 35 நாள் ஆயிற்றே! நண்பர் வீட்டுக்குத் தற்காலிகமாகத் திருப்பிவிடும் ஏற்பாட்டைச் செய்யுங்கள்.

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சாக்ரமென்டோ பக்கம் வீடு மாறுகிறோம். எட்டு வருடமாக வளர்த்த கறிவேப்பிலைச் செடியைக் காரில் கொண்டுபோகலாமா?
– வாசகி, கலிபோர்னியா

பதில்: மனசு கேட்காதுதான், ஆனாலும் வேண்டாம். கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்தைச் சேர்ந்தது. ஆசிய சிட்ரஸ் சில்லிட் என்ற பூச்சி அதன் கொழுந்தில் முட்டையிட்டுப் பெருகும். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் எச்.எல்.பி. என்ற நோயைப் பரப்புவது இந்தப் பூச்சிதான். பூச்சி 2008-ல் கலிபோர்னியாவில் தென்பட்டது. நோய் 2012-ல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில். அந்த நோய்க்கு மருந்து கிடையாது. அதனால்தான் இதற்காக அரசு அறிவித்திருக்கும் தடைப் பகுதியிலிருந்து எலுமிச்சை வகைச் செடிகளையும் கறிவேப்பிலைச் செடியையும் வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு. பதியன், கொப்பு, சாமிக்கு வைக்கும் கொத்து எல்லாம் இதில் அடங்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

செடியை அங்கேயே இருக்கும் நண்பரிடம், அதே தடைப் பகுதிக்குள் கொடுக்கலாமா என்பதைக்கூட கவுண்டி வேளாண் ஆணையர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சில இடங்களில் செடியை உங்கள் மனையை விட்டே நகர்த்தக் கூடாது. புது ஊரில் உரிமம் பெற்ற நர்சரியில் புதுச்செடி வாங்கிக்கொள்ளலாம். வாங்கியபின் கொழுந்தைப் பிரித்துப் பாருங்கள்: மஞ்சள் குஞ்சுகளும், வெள்ளை மெழுகு நூல் சுருள்சுருளாக நீட்டிக்கொண்டிருப்பதும் சில்லிட்டின் அடையாளம். வளர்ந்த பூச்சி 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். தலையைத் தாழ்த்தி வாலைச் சாய்வாகத் தூக்கி உட்காரும். அந்த உட்காரும் தோரணையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

கேள்வி: புடலைக்கும் பாகலுக்கும் கொல்லையில் நிரந்தரப் பந்தல் போட, இரண்டடி ஆழத்தில் ஆறு கம்பம் நட வேண்டும். அனுமதி தேவையா?
– வாசகர், வர்ஜீனியா

பதில்: அனுமதிக்கு முன்னால், தோண்டப் போவதைத் தெரிவிக்கும் தொலைபேசி எண் 811. எந்த மாநிலத்திலிருந்தும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது. தோண்டுவதற்குச் சில வேலைநாள் முன்பே சொல்லிவிட்டால், மண்ணுக்குள் போகும் இணைப்புகளைக் குறித்துவிட்டுப் போவார்கள். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, ஆரஞ்சு தொலைத்தொடர்பு, நீலம் குடிநீர், பச்சை கழிவுநீர். குறிக்கு அருகே இயந்திரம் வேண்டாம், கைமண்வெட்டிதான். முக்கியமான குறை ஒன்று உண்டு: மீட்டரைத் தாண்டி உங்கள் சொந்தச் செலவில் போட்டவற்றை, அதாவது ஸ்பிரிங்க்ளர் குழாய், கொட்டகைக்கு இழுத்த மின்கம்பி போன்றவற்றை, அவர்கள் குறிக்க மாட்டார்கள்.

அனுமதி விஷயம் நீங்கள் நகர எல்லைக்குள் இருக்கிறீர்களா, வெளியே கவுண்டியின் நேரடி நிர்வாகத்திலா என்பதைப் பொறுத்தது. முகவரியில் நகரத்தின் பெயர் இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது தபால் அலுவலகத்தின் பெயர் மட்டும்தான். கவுண்டியின் இணைய நில வரைபடத்தில் மனையைத் தட்டினால் தெரிந்துவிடும். வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால் அவர்கள் சம்மதம் தனி. ஒன்று கிடைத்தது மற்றதற்குச் செல்லாது.

கேள்வி: கவுண்டியிலிருந்து வந்த சொத்து மதிப்பீட்டு நோட்டீஸில் வீட்டு மதிப்பு எகிறியிருக்கிறது. ஆட்சேபிக்கலாமா?
– வாசகர், ஜார்ஜியா

பதில்: நோட்டீஸில் போட்டிருக்கும் தேதியிலிருந்து 45 நாள் அவகாசம். 'வரி கட்டுப்படியாகவில்லை' என்று எழுதினால் எடுபடாது. மதிப்பு தவறு என்று காட்ட வேண்டும். கவுண்டி வலைத்தளத்தில் உங்கள் மனையின் பதிவேட்டைத் திறந்து சதுர அடி, குளியலறை எண்ணிக்கை, பேஸ்மென்ட் முடிக்கப்பட்டதா என்பதையெல்லாம் ஒப்பிடுங்கள். வெறும் சிமென்ட் தரையாகக் கிடக்கும் பேஸ்மென்டை முடித்ததாகப் பதிந்திருந்தால் நான்கு போட்டோவே போதுமான சான்று. அதோடு ஜனவரி 1-க்கு முன் உங்கள் பகுதியில் விற்ற, உங்கள் வீட்டைப் போன்ற மூன்று நான்கு வீடுகளின் விலையையும் இணையுங்கள். நோட்டீஸில் இரண்டு எண்கள் இருக்கும். சந்தை மதிப்பில் 40 சதவீதம்தான் வரிக்கான மதிப்பு. சின்ன எண்ணைப் பார்த்து 'குறைவாகத்தானே போட்டிருக்கிறார்கள்' என்று விட்டுவிடுவது வழக்கமான தவறு. குடியிருக்கும் வீட்டுக்கான விலக்குக்கு இதுவரை விண்ணப்பிக்கவில்லை என்றால் அதற்குக் கெடு ஏப்ரல் 1.

கேள்வி: டிரையரில் துணி காய இரண்டு முறை ஓட்ட வேண்டியிருக்கிறது.
– வாசகி, இல்லினாய்

பதில்: டிரையர் ஓடும்போது வெளியே போய், அதன் காற்றுக் குழாய் வெளிவரும் இடத்தில் இருக்கும் மூடியைப் பாருங்கள். அது நன்றாகத் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை என்றால் குழாயில் பஞ்சு அடைத்திருக்கிறது. பின்னால் மெல்லிய ஃபாயில் அல்லது பிளாஸ்டிக் குழாய் இருந்தால் தூக்கி எறிந்துவிட்டு 4 அங்குல வழவழப்பான உலோகக் குழாய் போடுங்கள். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் திருகு பஞ்சைப் பிடிக்கும். இணைப்புக்கு ஃபாயில் டேப் போதும். வெளிவாயில் வலை மாட்டாதீர்கள். இது துணி காய்வது பற்றிய விஷயம் மட்டுமல்ல, தீப்பிடிக்கும் இடமும் அதுதான்.

கேள்வி: சுருள் வடிவக் குழல் பல்பு ஒன்று படுக்கையறையில் உடைந்துவிட்டது. வேக்கூம் போடலாமா?
– வாசகர், ஒஹாயோ

பதில்: கூடாது, உள்ளே இருக்கும் பாதரசத்தை அது காற்றில் பரப்பிவிடும். ஆட்களை வெளியேற்றி, ஜன்னலைத் திறந்து, சூடேற்றியை அல்லது ஏ.சி.யை அணைத்து, 5 முதல் 10 நிமிடம் விடுங்கள். பிறகு கெட்டி அட்டையால் துண்டுகளை வாருங்கள். பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். ஆபத்தான வீட்டுக் கழிவுகளுக்குக் கவுண்டி சேகரிப்பு நாள் அறிவிக்கும்போது அதைக் கொடுத்துவிடலாம்.